கர்ஜனையும் சாகித்தியமும்

ருத்ரா என்று ஒரு சங்கீதக் குழு சிங்கப்பூரில் இருக்கிறது. தமிழ் இளைஞர்கள் சேர்ந்து 1992-ல் ஆரம்பித்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயம் வேதாந்தம். எடுத்துக்கொண்ட முறையோ, மேல்நாட்டில் 'டெத் மெட்டல்' என்று வழங்குகிற, காதைப் பிளக்கும் முறை. முதல் தடவை கேட்கிறபோது, கொல்லன் பட்டறையில் யாரோ உபநிஷத்துப் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கும். இரண்டாம் தடவை கேட்கிறவர்கள் நம்மில் மிகவும் குறைவு. அந்தக் குறைவுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

புதிதாக ஒரு சங்கீதம் வந்தால் நாம் இரண்டில் ஒன்று செய்கிறோம். 'சத்தம்' என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறோம். அல்லது, பிள்ளைகளுக்குப் பின்தங்கிவிட்டோம் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில் 'பிரமாதம்' என்கிறோம். இரண்டும் ஒரே சோம்பலிலிருந்து பிறப்பவை. ஒரு கலைஞனுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, அவன் என்ன செய்ய முயன்றான், எவ்வளவு செய்தான், எங்கே விட்டான் என்று பார்ப்பது. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த ஒரு குழுவுக்கு அந்த மரியாதையை அவர்களுடைய சொந்த பாஷைக்காரர்களே செய்யாவிட்டால் வேறு யார் செய்வது?

இந்தச் சங்கீதத்தின் ஜாதகத்தை முதலில் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்ற இரும்பு நகரம். அங்கே தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையனுக்கு, வலக் கையில் இரண்டு விரல்களின் நுனி யந்திரத்தில் போய்விட்டது. இடக் கைப் பழக்கக்காரர் அவர். கிதார்த் தந்திகளை அழுத்துவது அந்த வலக் கையால்தான். ஆனாலும் விடவில்லை. விரல் நுனிக்குப் பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். அழுத்துவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று போகப் போகத் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் கீழே இறக்கினார். தளர்ந்த தந்தியிலிருந்து கனத்த, இருண்ட நாதம் எழுந்தது. அவருடைய 'பிளாக் சபாத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970-ல் வெளிவந்தது. மெட்டல் என்கிற வம்சம் முழுவதும் அந்தக் காயம்பட்ட கையிலிருந்துதான் புறப்பட்டது என்று சொன்னால் அதில் அதிக மிகையில்லை.

திருச்சிப் பக்கத்து மனிதர்களுக்கு இதைப் புரியவைக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, மனைவியிடம் உரக்கப் பேசியே பழகிப்போன எத்தனை பேர் இங்கே உண்டு! இரும்பின் நடுவே வாழ்கிறவனுக்கு அதுவே தாளமாகவும் ஆகிவிடுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அப்புறம் இந்த வம்சத்தில் கிளைகள் பிரிந்தன. இன்றைக்கு நம் கல்லூரிப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு திரிகிற 'மெட்டல்கோர்' அவற்றில் ஒன்று. 'ஹார்ட்கோர்' என்ற தெருச்சண்டைப் பாட்டையும் மெட்டலையும் சேர்த்து அரைத்தது அது. வேகமாக ஓடுகிற தாளத்தைச் சட்டென்று பாதியாக இறக்கி, கூட்டத்தை நின்ற இடத்தில் குதிக்கவைப்பது அதன் விசேஷம். 'டெத் மெட்டல்' அதற்கு மூத்த கிளை. இதில் கிதார் கீழ் ஸ்தாயியில் இடைவிடாமல் அதிரும். காலால் அடிக்கிற பெரிய முரசு மழை கொட்டுகிற மாதிரி விழும். பாடுகிறவர் பாட மாட்டார், உறுமுவார். அந்த உறுமலுக்கும் சாதகம் உண்டு. குரல் நாண்களுக்குச் சற்று மேலே இருக்கிற மடிப்புகளை அதிரவிட்டு, மூச்சை அடிவயிற்றிலிருந்து தள்ளி எழுப்புகிற சப்தம் அது. முறை தெரியாமல் கத்தினால் இரண்டு நாளில் தொண்டை போய்விடும். முப்பது வருஷம் உறுமியும் தொண்டை நிற்கிறதென்றால் அதில் சிட்சை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ருத்ராவின் கதைக்கு வருவோம். கதிர் பாட்டும் பேஸ் கிதாரும், சிவா முரசு, பாலா கிதார். இப்படித்தான் குழு ஆரம்பமாயிற்று. 1994-ல் ஒரு மாதிரி ஒலிநாடா போட்டார்கள். இடையில் ஒரு தடவை குழு கலைந்து மறுபடியும் கூடிற்று. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் முழு ஆல்பம் 1998-ல் வந்தது. 2001-ல் 'தி ஆர்யன் குரூசேட்', 2003-ல் 'குருக்ஷேத்ரா'. பிறகு 'பிரம்மவித்யா' என்ற பொதுத் தலைப்பில் மூன்று: 2005, 2009, 2011. 2013-ல் 'ரித'. 2016-ல் 'எனிமி ஆஃப் டூவாலிட்டி', அதாவது துவைதத்தின் பகைவன். 2022-ல் 'எய்ட் மஹாவித்யாஸ்'. தங்கள் சங்கீதத்துக்கு 'வேதிக் மெட்டல்' என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இவர்கள் தொடங்கிய வருஷத்தைக் கவனிக்க வேண்டும். அதே 1992-ல், ஜூன் மாதம், நார்வேயில் பெர்கன் நகரத்துக்குப் பக்கத்தில் ஃபான்டாஃப்ட் என்ற பழைய மரத் தேவாலயம் தீக்கிரையாயிற்று. அதைத் தொடர்ந்து இன்னும் பல தேவாலயங்கள் எரிந்தன; அந்த வழக்குகளில் அங்கத்திய மெட்டல் இளைஞர்கள் சிலர் தண்டனையும் பெற்றார்கள். பாட்டன் கும்பிட்ட தெய்வத்தின் மேல் அவர்களுக்கு அவ்வளவு கோபம். சிங்கப்பூரில் அதே மாதிரியான கிதாரை எடுத்த தமிழ்ப் பிள்ளைகளோ, பாட்டன் அலமாரியில் பூட்டி வைத்த புஸ்தகத்தைத் தேடிப் போனார்கள். ஒரே வாத்தியம், ஒரே ஆத்திரம். ஒருவன் கோயிலைக் கொளுத்துகிறான், இன்னொருவன் கோயிலுக்குள் நுழைகிறான். சங்கீதத்தின் வடிவமே ஒரு மனிதனை நல்லவனாகவோ கெட்டவனாகவோ ஆக்கிவிடுகிறது என்று பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அங்கே தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டாங்க் சாலை தண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் போகும். அந்த ஊர்வலத்தில் வாத்தியம் வாசிப்பதற்கு 1973-லிருந்து தடை இருந்தது. 2016-ல்தான், வழியில் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும், நேரடி வாத்திய இசைக்கு அனுமதி கிடைத்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் உறுமி இல்லாமல், தவில் இல்லாமல், முதுகில் கொக்கியோடு நடந்தவர்களை நினைத்துப் பாருங்கள். முரசு தெருவில் ஒலிக்கக்கூடாது என்ற ஊரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள், முரசை மட்டும் நம்பி நிற்கிற ஒரு சங்கீதத்தில் போய்ச் சேர்ந்தார்கள். இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது கதாசிரியனுடைய தொழில், நான் போட்டுவிட்டேன். வாசகர்கள் வேண்டுமானால் அவிழ்த்துக்கொள்ளட்டும்.

இனி விமரிசனத்துக்கு வரலாம். இந்தச் சங்கீதத்தின் மேல் சொல்லப்படுகிற முதல் குற்றம், வார்த்தை புரியவில்லை என்பது. இதை லால்குடியில் இருந்துகொண்டு அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

ஏனென்றால், சொல்லைப் பற்றிய வழக்கு இந்த ஊரில் ஏற்கெனவே ஒரு தடவை நடந்து தீர்ப்பாகியிருக்கிறது. தியாகராஜ ஸ்வாமிகள் இங்கே வந்து சப்தரிஷீஸ்வரர் மீதும் பெருந்திருப்பிராட்டியார் மீதும் ஐந்து கீர்த்தனைகள் செய்தார். அவருக்குச் சிஷ்யராக இருந்த லால்குடி ராமய்யரின் வம்சத்தில் வந்தவர் லால்குடி ஜெயராமன். 1930-ல் பிறந்து 2013-ல் மறைந்தவர். அவர் கையில் இருந்த வயலின் நம் ஊர் வாத்தியமா? இல்லை. அது ஐரோப்பிய வாத்தியம். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் முதலானவர்கள் சென்னையில் வெள்ளைக்காரர்களிடமிருந்து அதைத் தெரிந்துகொண்டு நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உட்காரும் முறை மாறிற்று, பிடிக்கும் முறை மாறிற்று, சுருதி கூட்டும் முறை மாறிற்று. கடைசியில் ஜெயராமன் வந்து, வில்லை எங்கே திருப்புவது, எங்கே நிறுத்துவது என்பதைச் சாகித்தியத்தின் சொற்களைக் கொண்டே தீர்மானித்தார். பாட்டுத் தெரிந்தவர்கள் அவர் வாசிப்பைக் கேட்டால், வாயே இல்லாத அந்த மரத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தும் உதிர்வதை உணர்வார்கள்.

வாயில்லாத வயலின் சொல்லைச் சொல்லிற்று. வாய் உள்ள ருத்ராவின் பாடகர் சொல்லை மறைக்கிறார். இதுதான் என் முதல் புகார். அதுவும் யார் விஷயத்தில்? காதலி வரவில்லை என்று புலம்புகிற பாட்டாக இருந்தால் வார்த்தை தெரியாமல் போனாலும் நஷ்டமில்லை. ஆத்மா எது, அநாத்மா எது என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கிற விசாரம் இது. வேதாந்தத்தில் வார்த்தையே விளக்கு. அதைக் குடத்துக்குள் வைத்து மூடிவிட்டு, வெளிச்சம் போதவில்லையா என்று கேட்டால் என்ன சொல்வது?

எதிர்க்கட்சிக்கும் வாதம் இருக்கிறது. நம் கோயிலில் ஸ்ரீருத்ரம் சொல்கிறார்கள். சுற்றி நிற்கிற நூறு பேரில் எத்தனை பேருக்கு அர்த்தம் தெரியும்? தெரியாவிட்டாலும் உடம்பு சிலிர்க்கிறது. அந்த மந்திரம் தொடங்குவதே பரமசிவனுடைய கோபத்துக்கு ஒரு நமஸ்காரத்தோடுதான். ருத்ரன் என்ற பெயரையே ஓலமிடுகிறவன் என்று பெரியவர்கள் பதம் பிரித்துச் சொல்வது உண்டு. ஆகவே அந்தப் பெயரை வைத்துக்கொண்ட குழு உறுமுவதில் பெயர்ப் பொருத்தத்துக்குக் குறைவில்லை. கிராமத்தில் கருப்பன் கோயிலில் சாமி வந்து ஆடுகிறவன் முதலில் என்ன செய்கிறான்? கர்ஜிக்கிறான். அந்தக் கர்ஜனைக்கு யாரும் அகராதி பார்ப்பதில்லை. சாமி வந்துவிட்டது என்று மட்டும் தெரிந்துகொள்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் சுமந்த லா.ச.ராமாமிருதமும் சொல்லின் ஓசையையே பொருளாக்கிவிட முடியுமா என்றுதான் கதை கதையாக எழுதிப் பார்த்தார்.

வாதம் பலமானதுதான். ஆனால் சாமியாடி கர்ஜித்துவிட்டு அதோடு மலை ஏறிவிடுவதில்லை. ஆட்டம் அடங்குகிற சமயத்தில், தணிந்த குரலில், காத்திருக்கிற பெண்பிள்ளையைக் கூப்பிட்டு, உன் பிள்ளைக்கு இந்த ஆடியில் குணமாகும் என்று ஒரு வார்த்தை சொல்கிறான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கூட்டம் அவ்வளவு நேரம் நின்றது. ருத்ராவின் பாட்டுக்களில் சிறந்தவை எவை என்று பார்த்தால், இந்தக் குறி சொல்கிற இடம் உள்ளவைதான். உறுமல் நின்று, வாத்தியங்கள் விலகி, ஒரு சமஸ்கிருத சுலோகம் தெளிவாக, நிதானமாக வருகிற இடங்கள் 'பிரம்மவித்யா' வரிசையில் உண்டு. மறுபடி முரசு விழுகிறபோது அந்தச் சுலோகத்தின் வெளிச்சத்தில் உறுமலுக்கே ஓர் அர்த்தம் கிடைத்துவிடுகிறது. இப்படிப்பட்ட இடம் இல்லாத பாட்டுக்களில் வேகம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் மனசில் நிற்பதில்லை.

'பிரம்மவித்யா' மூன்றையும்தான் இவர்களுடைய பெரிய சாதனையாக நான் கருதுகிறேன். பாகங்களின் ஆங்கிலப் பெயர்கள் 'ப்ரைமார்டியல் ஐ', 'டிரான்ஸென்டென்டல் ஐ', 'இம்மார்டல் ஐ'. பார்த்தவுடன் கடைசி எழுத்தை ரோமன் எண் என்று எண்ணிக்கொண்டு, மூன்றுமே முதல் பாகமா என்று குழம்புவோம். அது எண் அல்ல, 'நான்' என்ற சொல். ஆதியான நான், கடந்து நிற்கிற நான், அழிவில்லாத நான். கதிர் வேதாந்தத்தை முறையாகப் பாடம் கேட்டவர். ஆகையால் நாலு சமஸ்கிருத வார்த்தையைப் பொறுக்கிக் குங்குமப் பொட்டு மாதிரி ஒட்டிக்கொள்கிற வேலை இங்கே இல்லை. சிதாரை இரண்டு இடத்தில் மீட்டிவிட்டு இந்தியச் சங்கீதம் என்று பெயர் பண்ணுகிற வேலையும் இல்லை.

இந்த ஆல்பங்களில் இவர்கள் கண்டுபிடித்த விஷயம் என்ன? மெட்டல் என்பது கோபத்தின் சங்கீதம். அந்தக் கோபம் வழக்கமாக வெளியே பாய்கிறது: அப்பன் மேல், முதலாளி மேல், சர்க்கார் மேல், சாமி மேல். இவர்கள் அதைத் திருப்பி, 'நான், எனது' என்று துள்ளுகிற அகங்காரத்தின் மேலேயே ஏவிவிட்டார்கள். அத்வைதத்தில் சாந்தம் முடிவில்தான் வருகிறது. வழியெல்லாம் ஒவ்வொன்றாக மறுத்து உடைக்கிற வேலைதான். அந்த உடைப்புக்கு வீணையைவிடச் சம்மட்டி பொருத்தம் என்று ஒருவன் நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. வேதாந்தம் என்றால் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடுவது என்று ஆக்கி வைத்திருக்கிற நமக்கு, அது ஒரு யுத்தம் என்று இந்தப் பிள்ளைகள் ஞாபகப்படுத்துகிறார்கள். கீதை பிறந்ததே யுத்தகளத்தில் அல்லவா?

இவ்வளவும் சொன்ன பிறகு என் இரண்டாவது புகாரைச் சொல்ல வேண்டும். இது பெரிய புகார்.

இவர்களுடைய சாகித்தியம் பெரும்பாலும் ஆங்கிலம், நடுநடுவே சமஸ்கிருதம். வீட்டில் அம்மா அதட்டுகிற பாஷை இந்தச் சங்கீதத்தின் நடு மண்டபத்துக்கு வரவில்லை.

2001-ல் வந்த ஆல்பத்தின் பெயரைப் பாருங்கள்: 'தி ஆர்யன் குரூசேட்'. ஆரியன் என்ற சொல்லை உயர்ந்த பண்புள்ளவன் என்ற பழைய அர்த்தத்தில் வைத்திருக்கிறார்கள். ஹிட்லர் கெடுத்து வைத்த அர்த்தத்தில் அல்ல. வாஸ்தவம். ஆனால் சொல் என்பது அகராதியில் மட்டுமா வாழ்கிறது? லால்குடியிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம் போனால் கல்லக்குடி. அங்கே சிமெண்டு ஆலை வைத்த வடநாட்டு முதலாளியின் பெயரால் ஸ்டேஷனுக்கு டால்மியாபுரம் என்று பலகை போட்டிருந்தார்கள். அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று 1953 ஜூலையில் மு.கருணாநிதி உள்ளிட்டவர்கள் தண்டவாளத்தில் படுத்தார்கள். ஒரு பலகையில் எழுதிய பெயருக்காக உயிரைப் பணயம் வைத்த வட்டாரம் இது. அந்தக் கட்சியின் கொள்கைகள் ஒருவருக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் 'ஆரிய' என்ற சொல் தமிழன் காதில் விழுகிறபோது அது வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு நூற்றாண்டுச் சண்டையைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறது. அதைத் தமிழ்ப் பிள்ளைகள் ஓர் ஆல்பத்தின் நெற்றியில் எழுதுகிறபோது, அந்தச் சண்டைக்கும் பாட்டுக்குள் ஓர் இடம் கொடுத்திருந்தால் அது பெரிய படைப்பாக ஆகியிருக்கும். சண்டையே நடக்காத மாதிரி தாண்டிப் போய்விட்டது அதன் பலவீனம்.

சிங்கப்பூரில் இருக்கிறவர்களுக்கு இங்கத்தியச் சண்டை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அங்கே மேடைக்கு முன்னால் நிற்கிற கூட்டத்தில் மலாய்க்காரர் இருக்கிறார், சீனர் இருக்கிறார். எல்லாருக்கும் பொதுவானது ஆங்கிலம். நான்கு ஆட்சிமொழிகளில் தமிழ் ஒன்று என்றாலும், பள்ளிக்கூடத்தில் மற்றப் பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த இசை ஆராய்ச்சியாளர் யூஜீன் டைரியநாதன், இந்தக் குழுவையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தையும் வைத்து 2009-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். தான் யார் என்று ஒரு சிறுபான்மைச் சமூகம் சொல்லிக்கொள்வதில் உள்ள சிக்கல்தான் அதன் விஷயம். ஆக, இந்தச் சிக்கல் நான் இங்கே உட்கார்ந்துகொண்டு கற்பனை செய்தது அல்ல.

நான் சொல்ல வருவது பாஷாபிமானம் அல்ல, சங்கீத நஷ்டம். டெத் மெட்டலுக்கு வேண்டிய எழுத்துக்கள் எவை? அடித்து நிற்கிற எழுத்துக்கள். வல்லினம் ஆறையும் ஒற்று இரட்டித்துச் சொல்லிப் பாருங்கள்: க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ற்ற. இதைவிட நல்ல முரசு எந்த பாஷையில் கிடைக்கும்? திருச்சிக்குப் பக்கத்தில் வயலூர் முருகனைத் திரும்பத் திரும்பப் பாடிய அருணகிரிநாதர், சந்தத்தை ஓடவிட்ட வேகத்துக்கு எந்த மேல்நாட்டு முரசுக்காரனும் காலால் ஈடு கொடுக்கத் திணறுவான். 'குருக்ஷேத்ரா' என்று ஓர் ஆல்பம் போட்டார்களே, அந்த யுத்தத்துக்கு வியாசரிடம் போனதில் தப்பில்லை. ஆனால் எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஜயங்கொண்டார் கலிங்கத்துப்பரணி எழுதி வைத்திருக்கிறார். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூடி, பிணங்களின் நடுவே கூழ் சமைத்துப் பரிமாறி உண்டு, ஜெயித்த ராஜாவை வாழ்த்துகின்றன. இன்றைக்கு மேல்நாட்டு டெத் மெட்டல் குழுக்கள் தங்கள் ஆல்பம் அட்டையில் எந்தப் பயங்கரத்தை வரைகின்றனவோ, அதைத் தமிழ்ப் புலவர் ஒருவர் சோழ ராஜாவின் காலத்தில் சந்தத்தோடு பாடி முடித்துவிட்டார். சித்தர்களோ, சாத்திரத்தையும் சடங்கையும் உடம்பையும் ஏசுகிற ஏச்சில், கேட்கிறவன் இன்றைக்கும் நெளிய வேண்டியிருக்கிறது. கோபத்தை அகங்காரத்தின் மேல் திருப்புவது ருத்ராவின் சிறப்பு என்றேன். தமிழில் அந்த வேலையைச் செய்தவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறார்கள். தன் வீட்டுக் கொல்லையில் கிணறு இருக்க, இவர்கள் கங்கைக்கு நடந்தார்கள். கங்கையிலிருந்து கொண்டுவந்தது நல்ல ஜலம்தான். ஆனால் கிணறு தூர்ந்துகொண்டிருக்கிறதே என்று எனக்கு ஆற்றாமை.

இந்தச் சங்கீதத்தால் இவர்கள் என்ன சம்பாதித்தார்கள் என்ற கேள்வியும் வரும். சங்கீதம் என்றால் சினிமா என்றாகிவிட்ட நமக்கு, சினிமாவும் இல்லாமல் சபாவும் இல்லாமல் ஒரு குழு முப்பது வருஷம் எப்படி நிற்கும் என்பதே புரிவதில்லை. பெரிய கம்பெனியின் தயவில் நிற்காத குழுவை 'இண்டிபெண்டெண்ட்' என்கிறார்கள். சுதந்திரமான குழு என்று மொழிபெயர்த்தால் கம்பீரமாக இருக்கிறது. நடைமுறையில் அதன் அர்த்தம், கைக்காசைப் போட்டு ஒத்திகை பார்ப்பது, சின்னச் சின்ன வெளியீட்டாளர்களைத் தேடிப் பிடிப்பது, ஓர் ஆல்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலு வருஷம், ஆறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பது.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த வாழ்க்கை தெரியாததல்ல. சி.சு.செல்லப்பா 1959-லிருந்து 1970 வரை 'எழுத்து' நடத்தினார். பத்திரிகை வாங்குகிறவர்கள் சில நூறு பேர். புஸ்தகங்களைத் தாமே ஊர் ஊராகச் சுமந்து விற்றார். அந்தச் சில நூறு பேர் படித்த பத்திரிகையில்தான் தமிழ்ப் புதுக்கவிதை வேர்விட்டது. ருத்ரா மாதிரிக் குழு ஒன்று சங்கீதத்தில் ஒரு சிறுபத்திரிகை. லட்சம் பேர் கேட்கவில்லையே என்று அதை அளப்பது பிசகு. சிறுபத்திரிகைக்கு வேண்டியது லட்சம் வாசகர்கள் அல்ல. முகத்துக்கு நேரே குறை சொல்கிற பத்து வாசகர்கள். செல்லப்பாவுக்கு அந்தப் பத்துப் பேர் இருந்தார்கள், சண்டை போட்டார்கள், அதனால் பத்திரிகை உயிரோடு இருந்தது. ருத்ராவுக்கு வெளிநாட்டு ரசிகர்களின் பாராட்டு உண்டு. சர்வகலாசாலை ஆராய்ச்சியும் உண்டு. தமிழில் உட்கார்ந்து, இது சரி, இது போதாது என்று பேசுகிற குரல்தான் வேண்டியிருக்கிறது.

வயலின் நம் மடிக்கு வந்து சாகித்தியம் பேசுவதற்கு நூற்றைம்பது வருஷம் ஆயிற்று. நடுவில் எத்தனையோ பேர் அதை வைத்துக்கொண்டு வெறும் பக்கவாத்தியமாக, பாடகருக்குப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர்கள் இல்லாமல் ஜெயராமன் இல்லை. மின்சாரக் கிதாரும் இரட்டை மிதி முரசும் தமிழ்ப் பிள்ளைகள் கைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அதற்குள் வேதாந்தம் பேசக் கற்றுக்கொடுத்தவர்கள் ருத்ரா குழுவினர். தமிழ் பேசக் கற்றுக்கொடுக்கிறவன் இனிமேல் வரலாம். அவன் இவர்கள் போட்ட பாதையில்தான் வருவான்.

கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2005-ல் வந்த 'பிரம்மவித்யா'வின் முதல் பாகத்திலிருந்து ஆரம்பியுங்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் தூங்குகிற சமயத்திலும் வேண்டாம். பாட்டின் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே பாட்டை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை சத்தம் கேட்கும். இரண்டாம் தடவை தாளம் கேட்கும். மூன்றாம் தடவையும் ஒன்றும் கேட்காவிட்டால், அப்போது தாராளமாகக் குறை சொல்லலாம். சொல்வதற்கு உங்களுக்குப் பாத்தியதை வந்துவிட்டது.